எந்த மசாஜ் யாருக்கு? தொக்கணம் முதல் தாய் மசாஜ் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிசியோதெரபி படித்து, முதுகுவலி, கழுத்துவலிக்காரர்களோடு நாள் முழுக்கப் பழகுகிறேன். சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டே அவர்கள் கேட்பவைதான் கீழே இருக்கும் கேள்விகள். “எந்த மசாஜ் நல்லது?” என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும். “உங்களுக்கு என்ன செய்கிறது, எத்தனை நாளாக?” என்று நான் கேட்பேன். அது தெரியாமல் மசாஜின் பெயரைச் சொல்லிப் பயனில்லை.

வீட்டில் கால் பிடித்துவிடுகிறோமே, அதுவும் மசாஜ்தானா?

அதேதான். கால் அமுக்குகிறோம், முதுகு நீவுகிறோம், கெண்டைக்காலைப் பிடித்துவிடுகிறோம், பிள்ளைக்குக் கை கால் உருவிவிடுகிறோம், சுளுக்கு வழிக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு கைவேலை. அமுக்கும்போது கை இடம் மாறாது. நீவும்போது தோலின்மேல் ஓடும். பிடிக்கும்போது சதை விரல்களுக்குள் வரும். எந்த நாட்டு மசாஜை எடுத்தாலும் அடிப்படை இந்த அசைவுகள்தான். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம், எண்ணெய் உண்டா இல்லையா, கட்டிலா பாயா என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது.

தொக்கணம் என்கிறார்களே, அது என்ன?

சித்த மருத்துவத்தில் மசாஜுக்கு உரிய பெயர். சித்த மருத்துவம் உள்ளுக்குக் கொடுப்பதை அக மருந்து 32 என்றும், வெளியே செய்வதைப் புற மருந்து 32 என்றும் வகுக்கிறது. கட்டு, பற்று, ஒற்றடம், வேது, பொட்டணம் எல்லாம் வரும் அந்தப் புற மருந்து வரிசையில் தொக்கணமும் ஒன்று. வாத நோய்களுக்கு, அதாவது பிடிப்பு, வலி, முடக்கம், பக்கவாதத்தால் வந்த விறைப்பு ஆகியவற்றுக்கு இதை அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

தொக்கணம் ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. தட்டல், பிடித்தல், அழுத்தல் போன்றவை தசைக்கானவை. இழுத்தலும் அசைத்தலும் மூட்டைத் தொடுபவை. கல்லூரியில் ‘டிராக்‌ஷன்’, ‘மொபிலைசேஷன்’ என்று தனித்தனிப் பாடமாக நான் படித்ததற்கு மிக நெருக்கமானவை. தசையையும் மூட்டையும் பிரிக்காமல் ஒரே சிகிச்சைக்குள் வைத்திருக்கிறார்கள். தொக்கணத்தை வெறும் எண்ணெய்த் தேய்ப்பு என்று நினைப்பவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள்.

தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு தொக்கணம் செய்கிறார்கள். நேராகக் கட்டிலில் ஏற்றுவதில்லை. அந்த வரிசைதான் சரியான வரிசை.

வர்மமும் மசாஜும் ஒன்றா?

இல்லை. வர்மம் உடலின் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிய அறிவு. 108 வர்மங்கள் என்பது பரவலான கணக்கு. அவற்றில் 12 படுவர்மம், 96 தொடுவர்மம். கன்னியாகுமரிப் பகுதியின் ஆசான்கள் அடிமுறை என்ற தற்காப்புக் கலையோடு சேர்த்துக் காத்துவந்த கலை இது. எங்கே அடிபட்டால் ஆபத்து என்று அறிந்தவரே, அடிபட்டவரை மீட்கும் இளக்குமுறையும் அறிந்திருக்கவேண்டும் என்பது அதன் ஒழுங்கு. அடியும் மருந்தும் ஒரே கையில். இரண்டு நாள் பயிற்சி முகாமில் வர்மம் கற்றேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

கேரளாவின் உழிச்சில், பிழிச்சில், கிழி – எது எதற்கு?

உழிச்சில் என்பது எண்ணெய் தேய்த்து நீவுவது. களரிப் பயிற்சி பெறுபவர்களுக்குக் காலாலேயே நீவும் முறையும் உண்டு. ஆசான் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் எடையை அளவாக இறக்கி, பாதத்தால் நீவுவார். அது சவிட்டி உழிச்சில்.

பிழிச்சிலில் தேய்ப்பதைவிட ஊற்றுவதுதான் முக்கியம். வெதுவெதுப்பான தைலத்தில் துணியை நனைத்து உடல் முழுக்கப் பிழிந்துகொண்டே இருப்பார்கள். ஞவரக்கிழியில், குறுந்தோட்டி என்ற மூலிகையின் கஷாயத்திலும் பாலிலும் வேகவைத்த ஞவர அரிசியைத் துணியில் முடிந்து ஒற்றித் தேய்ப்பார்கள். மெலிந்து தளர்ந்த உடலுக்கு என்று சொல்லிச் செய்யும் சிகிச்சை அது. இலைக்கிழி, பொடிக்கிழி இரண்டும் சூட்டை வலியுள்ள இடத்தில் இறக்குபவை. நாள்பட்ட மூட்டு இறுக்கத்துக்கு அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கிழியின் சூடு உங்களுக்கு உறைக்காது, ஆனால் தோல் வெந்துவிடும். “சூடு பரவாயில்லையா?” என்று சிகிச்சை செய்பவர் கேட்கும்போது “பரவாயில்லை” என்ற உங்கள் பதிலை நம்ப முடியாது. முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஸ்பாவில் ‘ஸ்வீடிஷ்’ என்று போட்டிருக்கிறதே?

இன்று உலகெங்கும் ‘சாதாரண மசாஜ்’ என்று நினைக்கப்படுவது இதைத்தான். 1813இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சி நிறுவனம் தொடங்கிய பெர் ஹென்ரிக் லிங்கின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நீவல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் என்ற அசைவுகளுக்குப் பிரெஞ்சுப் பெயர்களை நிலைநிறுத்தியவராகக் குறிப்பிடப்படுபவர் ஆம்ஸ்டர்டாமில் மருத்துவம் பார்த்த யோகான் கேயார்க் மெட்ஸ்கர். மென்மையிலிருந்து நடுத்தர அழுத்தம், நிறைய எண்ணெய், நீளமான நீவல்கள். தூக்கம் வராதவர்களுக்கும், மன உளைச்சலில் தோள் காதுவரை ஏறியிருப்பவர்களுக்கும், முதன்முறை மசாஜ் செய்துகொள்பவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன்.

‘டீப் டிஷ்யூ’ என்றால் வலிக்க வலிக்கச் செய்வதா? வலித்தால்தான் பலனா?

இந்த நம்பிக்கையை மாற்றத்தான் நான் அதிகம் போராடுகிறேன். டீப் டிஷ்யூ என்பது ஆழத்தில் இருக்கும் தசை அடுக்குகளை மெதுவாக, சிறு பரப்பில், படிப்படியாக அழுத்துவது. முக்கியமான சொல் ‘மெதுவாக’. திடீரென்று முழங்கையை ஊன்றினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும்.

வலியைப் பத்துக்கு மதிப்பிடுங்கள். ஆறு வரைக்கும் ‘சுகமான வலி’, தாங்கலாம். மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள், கை தானாக முட்டி மடங்குகிறது, கால்விரல் சுருள்கிறது என்றால் அளவு மீறிவிட்டது. அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மிகக் கடுமையான மசாஜுக்குப் பின் தசை இழைகள் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தைப் பாதித்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. மசாஜுக்கு மறுநாள் சிறுநீர் கறுத்துப் போனால் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள்.

தாய் மசாஜ் எதில் வேறுபடுகிறது?

எண்ணெய் கிடையாது, உடை களைவதில்லை, தரையில் பாயில் படுக்கவேண்டும். தளர்வான ஆடை கொடுப்பார்கள். உள்ளங்கை, பெருவிரல், முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் அழுத்தி, கூடவே கை கால்களை மடக்கி இழுப்பார்கள். நீங்கள் சும்மா இருக்க, இன்னொருவர் உங்களை யோகாசனத்துக்குள் கொண்டுபோவதுபோல இருக்கும்.

பாங்காக்கின் வாட் போ ஆலயத்தில் மூன்றாம் ராமா மன்னர் காலத்துக் கல்வெட்டுப் படங்களில் அழுத்தப் புள்ளிகளும் கோடுகளும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அதே வளாகத்தில் 1955 முதல் பயிற்சிப் பள்ளி நடக்கிறது. புத்தருக்கு மருத்துவம் பார்த்த ஜீவகரையே அவர்கள் குருவாக வணங்கித் தொடங்குகிறார்கள். 2019இல் யுனெஸ்கோவின் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ‘நுவாட் தாய்’ இடம்பெற்றது. இவ்வளவு மரியாதைக்குரிய ஒரு கலையின் பெயரை நம் ஊர்களில் கொச்சையாகப் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பும் தொடையும் இறுகியவர்களுக்கு நல்லது. எலும்புத் தேய்மானம் அதிகமுள்ளவர்களும், மூட்டு மாற்று அறுவை செய்தவர்களும், டிஸ்க் விலகிக் காலுக்கு வலி இறங்குபவர்களும் தவிர்க்கவேண்டும்.

ஷியாட்சு, ரிஃப்ளெக்ஸாலஜி?

ஷியாட்சு ஜப்பானியது, விரலழுத்தம் என்பதே பொருள். நமிகோஷி டொகுஜிரோ 20ஆம் நூற்றாண்டில் வடிவமைத்தார். அதற்கு முந்தைய ‘அன்மா’ மசாஜ் ஜப்பானில் நெடுங்காலமாகப் பார்வையற்றோரின் தொழிலாக இருந்தது. ரிஃப்ளெக்ஸாலஜி, பாதத்தில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு புள்ளி உண்டு என்று சொல்வது. அந்த வரைபடம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் பாதத்தை ஒருவர் அரைமணி நேரம் பொறுமையாக அமுக்கினால் களைப்பு தீரும், அது உண்மை. கால் களைப்புக்குப் போங்கள், கல்லீரலைச் சரிசெய்ய அல்ல.

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அம்மாவின் கை வீங்கியிருக்கிறது. மசாஜ் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வீட்டில் நாம் செய்யும் மசாஜை அல்ல. அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் கையில் நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கும். இதற்கென்றே இருப்பது கையால் செய்யும் நிணநீர் வடிகால் மசாஜ். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் உருவாக்கியது. நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகின்றன. அதனால் தோலை மட்டும் மெல்ல நகர்த்தினால் போதும். அழுத்தினால் அந்தக் குழாய்கள் நசுங்கும், பயனில்லை. பார்ப்பவருக்கு ‘சும்மா தடவுகிறார்களே’ என்று தோன்றும் அளவுக்கு மென்மையாக இருக்கும்.

இன்னொன்று, விரல் வீங்கியிருந்தாலும் விரலில் தொடங்கமாட்டார்கள். முதலில் கழுத்து, மார்பு, மறுபக்க அக்குள் என்று வழியைத் திறந்துவிட்டு, பிறகு தோளிலிருந்து படிப்படியாகக் கீழே வருவார்கள். வாய்க்காலின் கடைமடையைத் தூர்வாராமல் மேலே தண்ணீரைத் தள்ளி என்ன ஆகும்? மசாஜ் மட்டும் போதாது, அழுத்தக் கட்டு, பயிற்சி, தோல் பராமரிப்பு எல்லாம் சேர்ந்ததே சிகிச்சை. பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் அம்மாவை ஒருமுறை அழைத்துப் போங்கள், வீட்டில் செய்யும் முறையை அவரே கற்றுத்தருவார். கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் மசாஜை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது தொற்றாக இருக்கலாம்.

உண்மையில் மசாஜ் உடலுக்குள் என்ன செய்கிறது?

இடித்துக்கொண்ட முழங்காலை உடனே தேய்த்துவிடுகிறோமே, ஏன் இதமாக இருக்கிறது? தொடு உணர்வு தண்டுவடத்தில் வலிச் செய்திக்குக் கதவடைக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் விளக்கினார்கள். பிறகு வந்த ஆராய்ச்சி இன்னொன்றைக் காட்டியது. மெதுவான தடவலுக்கு என்றே நம் தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூட்டில் உள்ள கை நகரும்போதுதான் அவை நன்றாக விழிக்கின்றன. தாய் தன்னையறியாமல் பிள்ளையின் முதுகைத் தடவும் வேகம் அதுதான்.

பலனை அளவோடு சொல்லவேண்டும். புதிதாக வந்த இடுப்புவலிக்கு, மாத்திரைக்கு முன் முயலக்கூடியவற்றில் ஒன்றாக மசாஜையும் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017 வழிகாட்டுதலில் சேர்த்திருக்கிறது. ஆனால் நாள்பட்ட இடுப்புவலியில் கிடைப்பது பெரும்பாலும் சில நாள் நிவாரணம். அந்தச் சில நாளில் உடற்பயிற்சியைத் தொடங்கிவிட்டால் மசாஜ் உங்களுக்குப் பெரிய உதவி. வலி குறைந்த நேரத்தில் படுத்துவிட்டால் அடுத்த மாதமும் அதே கட்டிலுக்கு வருவீர்கள்.

உடலின் நச்சு வெளியேறுமா? தொப்பை கரையுமா?

இரண்டும் இல்லை. கழிவை அகற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். கொழுப்பைத் தேய்த்துக் கரைக்க முடியாது. ஓடிய பிறகு தேங்கும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் அகற்றுகிறது என்பதும் தவறு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2012இல் கடும் பயிற்சிக்குப் பிறகு இளைஞர்களின் தொடைத் தசையைச் சோதித்தபோது, மசாஜால் லாக்டேட் குறையவில்லை. ஆனால் அழற்சிக்கான சமிக்ஞைகள் குறைந்திருந்தன. விளையாட்டு வீரர்களுக்கு வலி குறைவது உண்மை, காரணம்தான் வேறு.

பச்சிளம் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கலாமா?

தாராளமாக. 1986இல் டிஃபனி ஃபீல்ட் என்ற ஆராய்ச்சியாளரும் குழுவினரும் குறைமாதக் குழந்தைகளுக்குத் தினம் மூன்று முறை, 15 நிமிடம், பத்து நாள் வருடிக் கைகால் அசைத்துவிட்டார்கள். மற்றக் குழந்தைகளைவிட அவர்களின் தினசரி எடையேற்றம் 47 விழுக்காடு அதிகமாக இருந்தது. நம் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து, கால்களின்மேல் பிள்ளையைக் கிடத்தி எண்ணெய் தேய்க்கும் காட்சி கண்முன் வருகிறது. (உங்கள் குழந்தை குறைமாதமாகப் பிறந்திருந்தால் எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அந்தப் பாட்டி வழக்கத்தில் சிலவற்றை மட்டும் விட்டுவிட வேண்டும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடவேண்டாம், மூக்கை ஊதவேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடுமையான நிமோனியா வரும். மூக்கு எடுப்பாக வரவும் தலை உருண்டையாக வரவும் அழுத்த வேண்டாம், மார்பில் பால் பிதுக்க வேண்டாம், தலைகீழாகத் தூக்கி உதற வேண்டாம். தேங்காய் எண்ணெய் போதும், கடுகெண்ணெய் பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. பால் குடித்தவுடன் தேய்க்காதீர்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கர்ப்பிணிகள்?

மருத்துவரைக் கேட்டபின், ஒருக்களித்துப் படுத்து, மென்மையாக முதுகும் தோளும் நீவலாம். வயிற்றை நீவவே கூடாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அந்தக் காலைத் தொடக்கூடாது.

யார் கட்டாயம் தவிர்க்கவேண்டும்?

மேலே சொன்ன ஒற்றைக்கால் வீக்கம்தான் என் முதல் பயம். காலின் ஆழமான இரத்தக்குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், பிசையும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிரையே வாங்கிவிடலாம். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, பிரசவம் ஆகியவற்றுக்குப் பிறகு கெண்டைக்கால் வலித்தால் ‘சதைப்பிடிப்பு’ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். காய்ச்சல், தோல் தொற்று, புதிய எலும்பு முறிவு உள்ளவர்களுக்கும் வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அழுத்தமான மசாஜைத் தவிர்க்கவேண்டும். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவரின் அனுமதியோடு மென்மையாக மட்டும் செய்துகொள்ளலாம். இடுப்புவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அது மசாஜுக்கான நேரமே அல்ல, அவசர சிகிச்சைக்கான நேரம்.

முடிதிருத்தும் கடையில் தலை மசாஜ் முடிந்து கழுத்தைச் சொடுக்குகிறார்களே?

தலையில் தட்டுவதும், உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பதும் சுகம், ஆபத்தில்லை. கழுத்தைத் திருப்பிச் சொடுக்குவதை மட்டும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகளுக்குள் ஏறிப் போகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் அந்த ஒரு ‘டப்’ சத்தத்துக்காக எதற்கு?

கால் பிசகிவிட்டால் உடனே சுளுக்கு எடுக்கலாமா?

முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்காதீர்கள். உள்ளே கிழிந்து கசிந்துகொண்டிருக்கும் இடத்தைத் தேய்த்தால் வீக்கம் கூடும். ஊன்ற முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். முழங்கையில் அடிபட்ட பிள்ளைகளை எண்ணெய் போட்டு உருவவே கூடாது. அடிபட்ட தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடக்க முடியாமல் போய்விடும். எலும்பு மருத்துவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், ஆனாலும் இப்படி விறைத்த முழங்கையோடு பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

எந்த எண்ணெய் நல்லது?

‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்ற பழமொழியில் வரும் வாணியன், அதாவது எண்ணெய் ஆட்டுபவர், தரும் செக்கு நல்லெண்ணெய் பெரியவர்களுக்குப் போதும். கோடையில் தேங்காய் எண்ணெய். பிண்டத் தைலம், கற்பூராதி, தன்வந்தரம் போன்றவற்றைச் சித்த, ஆயுர்வேத மருத்துவர் சொல்லி வாங்குங்கள். முன்கையில் கொஞ்சம் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். முதியவர்கள் எண்ணெயோடு குளியலறைக்குள் நடப்பதுதான் பெரிய ஆபத்து. பாதத்தைத் துடைத்துவிட்டு அனுப்புங்கள்.

யாரிடம் போவது?

உங்கள் நோய், மாத்திரை, அறுவை பற்றி முதலில் கேட்பவரிடம். கேட்காமலே கை வைப்பவரிடம் வேண்டாம். நோய்க்கு என்றால் சித்த, ஆயுர்வேத, இயற்கை மருத்துவப் பட்டதாரி அல்லது பிசியோதெரபிஸ்ட் பார்க்கவேண்டும். எந்த ஆடையைக் களையவேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும். மசாஜ் செய்யாத பகுதியைத் துணியால் மூடிவைப்பது செய்பவரின் கடமை. ஆணா பெண்ணா என்று கேட்டுத் தேர்வது உங்கள் உரிமை. பாதியில் எழுந்து வரவும் உரிமை உண்டு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது. வீட்டில் நானே செய்யலாமா?

செய்யுங்கள், உங்கள் கைக்கு ஈடு வேறில்லை. மருத்துவர் சரி சொன்னபின், தினம் ஒருவேளை, 15 நிமிடம். கொஞ்சம் எண்ணெய் எடுத்து, விரல் நுனியிலிருந்து தோளை நோக்கி மெதுவாக நீவுங்கள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையை உங்கள் கட்டைவிரலால் வட்டமாகத் தடவுங்கள். விறைத்திருக்கும் கையை வெடுக்கென்று நிமிர்த்தாதீர்கள், விடுபடும் வரை பிடித்துக் காத்திருங்கள். தளர்ந்த தோள் எளிதில் நழுவும். அதனால் அவரைத் தூக்கும்போதோ புரட்டும்போதோ அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே வேண்டாம், தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்துத் தாங்குங்கள். கெண்டைக்காலைப் பிசையாமல், பாதத்தை மட்டும் மேலே மடக்கிக் கொஞ்ச நேரம் பிடியுங்கள். செய்யும்போது எந்த விரலைத் தொடுகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அவரையும் அந்தக் கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.